பேப்பருக்கு இந்தப் பக்கம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு ஒரு தேனீக் கூட்டம் வந்து சேர்ந்தது. கூட்டம் என்று சொல்வதே அதிகம். இரண்டு கையையும் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். வந்ததுதான் வந்தது, வேறு இடமா கிடைக்கவில்லை? நீலாம்பாளுடைய தையல் மெஷினின் மர மூடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. அதுதான் அவற்றுக்கு வாசல்.

நீலாம்பாள் என் வீட்டுக்காரர் குமாரவேலின் முதல் மனைவி. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

என் பெயர் எஸ்தர். ஊர் ஐயம்பேட்டை. தொழில் தேனீ. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். நான் அதே கழனிகளின் வரப்பில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறேன். காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் தேனீ அடைந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படி ஒரு நாள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுப் பரண்மேல் ஏறினேன். ஏணியைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு நெசவாளி ஒருவர் வந்தார், அவர்தான் குமாரவேல். இரண்டு கொட்டு வாங்கினார். முகம் ஒரு பக்கம் பன்னு மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது. ஏணியை மட்டும் விடவில்லை. இந்த ஆளை நம்பலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. என் முதல் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் மஞ்சள் காமாலையில் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தையும் இல்லை. ஆனி மாதத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். அவர் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. என் பக்கம் வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடவில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, நஷ்டம் அவர்களுக்கு.

ஆனால் அகிலா விஷயம் அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியது இல்லை. அகிலா அவருடைய மகள். பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். காலையில் காலேஜுக்குப் போவதற்கு முன்னால் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து கரைக்கு இழையோட்டும் நாடா போடுவாள். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும், உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். முன்பு நீலாம்பாள் உட்கார்ந்த இடம் அது.

அந்தப் பெண் ஒரு நாள்கூட என்னை ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. "சரிங்க", "ஆச்சுங்க", "வேணாங்க" என்று மூன்று வார்த்தை வைத்திருந்தாள். ஐந்து மாதத்தையும் அந்த மூன்றிலேயே ஓட்டினாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அது எனக்குக் கை வந்த கலை. இவ்வளவு மரியாதையாக இருக்கிறவளை என்ன செய்வது? நானும் மரியாதையாகவே இருந்தேன். ஐயம்பேட்டையில் நான் ஒரு குரல் கொடுத்தால் போகிற ஷேர் ஆட்டோ நிற்கும். இந்த வீட்டில் மாதா கோயிலில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் தாய்மாமன் தேவேந்திரன் ஆரணியில் இருக்கிறார். அடுத்த புதன்கிழமை வந்து அகிலாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம், அதனால் புதன். பரீட்சைக்கு மட்டும் பஸ்ஸில் வந்து போவாள், பிறகு அங்கேயே காலேஜ் மாற்றிக்கொள்வாள். கேட்டது அகிலாதான். என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எட்டு இழை அறுந்தது. அவர் தறியில் ஒரு வாரத்துக்கே அவ்வளவு அறுகாது.

நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? ஒரு பெண்ணை அவள் பிறந்த வீட்டைவிட்டுக் கிளப்பி அனுப்பிவிட்டு, அதே வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பது? ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு புரண்டேன்.

இந்த நேரத்தில்தான் அந்தத் தேனீக்கள் வந்தன. முதலில் பார்த்தது அகிலா. "அப்பா, அம்மா மூடியில தேனீ வந்து இருக்குதுப்பா. அதுங்களை யாரும் எடுக்க வேணாம்னு சொல்லு" என்றாள். யாரும் என்றால் நான். நான் அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கட்டெறும்பு வரிசை மூடியின் அடியில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் மூடியைத் திறந்தேன். டார்ச் பிடிக்க யாராவது வேண்டும் என்று பொதுவாகக் காற்றில் சொன்னேன். அகிலா வந்து பிடித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டே தேனடை. அதை வெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டியில் இறக்கும்போது ராணி கண்ணில் பட்டது. விரலால் காட்டினேன். வயசான ராணி. வயிறு நிறம் மங்கி, இடது இறக்கை நுனி கிழிந்து இருந்தது.

"ரெக்கை கிழிஞ்சிருக்குது" என்றாள் அகிலா. என்னிடம் சொன்னாளா டார்ச்சிடம் சொன்னாளா தெரியவில்லை.

மாடியில் என்னுடைய கூட்டம் ஒன்றும் இருந்தது. அதுவும் சின்னக் கூட்டம்தான், ஐயம்பேட்டையில் ஒரு வீட்டின் மீட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது. மழைக்காலத்தில் பூ கிடையாது, குளிர் வேறு. குஞ்சுகளின் மேல் உட்கார்ந்து சூடு கொடுக்க ஆள் வேண்டும், வாசலில் எறும்பைத் தடுக்க ஆள் வேண்டும். இத்தனூண்டு கூட்டத்தால் இதில் எதுவும் ஆகாது. தனித்தனியாக விட்டால் கார்த்திகைக்குள் இரண்டுமே செத்துப்போகும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ரெண்டும் தேறாதுங்க. ஒண்ணா சேத்துட்டா பொழைக்கும்."

"சேந்துக்குமா?"

"உடனே சேராது, அடிச்சிக்கும். பெட்டி மேல பெட்டி வச்சு, நடுவுல ஒரு பேப்பரு போடணும். மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு, ரெண்டு மூணு நாள்ல வழி பண்ணும். அதுக்குள்ள வாசனை பழகிடும்."

"அட, நம்மள மாதிரியே..." என்று ஆரம்பித்தார் அவர். பாதியில் அவருக்கே சங்கடமாகி, குனிந்து ரசத்தைப் பிசைந்தார். அகிலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ராணி இருக்குது. பெட்டிக்கு ஒண்ணுதான். ஒண்ணை எடுத்துடணும்" என்றேன்.

"எதை?"

"எது வயசானதோ அதை. மீட்டர் பெட்டி ராணி இளசு, அடை முழுக்க முட்டை வச்சிருக்குது."

அகிலா நிமிர்ந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"கொன்னுடுவீங்களா?"

வேறு யாராவது இருந்தால் இல்லைம்மா, பறக்க விட்டுவிடுவேன் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதுமே கிடையாது. "ஆமா. நசுக்கிடுவேன். அப்படித்தான் செய்யணும்" என்றேன்.

அவள் தட்டோடு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒரு பொய் சொல்லக் கூடாதா எஸ்தர்?"

"தேனீ விஷயத்துல பொய் சொல்ல வராதுங்க எனக்கு."

சொன்னேனே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் பொழுது சாய்கிற நேரம் மாடிக்குப் போனேன். மீட்டர் பெட்டிக் கூட்டத்தைத் திறந்து என் இளம் ராணியைப் பிடித்து, துணைக்கு ஆறு வேலைக்காரிகளோடு ஒரு காலித் தீப்பெட்டிக்குள் போட்டேன். கூடவே ஒரு துளி சர்க்கரைப் பாகு. தையல் மூடியிலிருந்து வந்த கூட்டத்தை அடிப்பெட்டியாக வைத்தேன், கிழிந்த இறக்கை ராணியோடு அப்படியே. அதன் மேல் மளிகைக் கடை பொட்டலத்துப் பேப்பர். ஊசியால் நாலு குத்து, சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பு. அதன் மேல் ராணி இல்லாத என் கூட்டம்.

தேனீ வளர்க்கிறவள் செய்யக் கூடாத காரியம் அது. முட்டையிடுகிற இளசைத் தள்ளிவிட்டுக் கிழத்தை வைத்துக்கொள்வது, பால் கறக்கிற மாட்டை ஓட்டிவிட்டு வற்றின மாட்டைக் கட்டுகிற கதை. தெரிந்துதான் செய்தேன். அந்த மூடிக்குள் வந்த உயிரை என் கையால் நசுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தயவு காட்டின மாதிரி ஆகிவிடும், அதற்கு ஒரு "சரிங்க" வரும். அந்தச் "சரிங்க"வைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஓரிக்கையில் பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் என் பெட்டி ஒன்று ராணி செத்துப்போய்க் கிடந்தது. இளம் ராணியை அங்கே சேர்க்க ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். கோயிலுக்குப் போகவில்லை. கர்த்தர் பொறுத்துக்கொள்வார், தீப்பெட்டியில் இருக்கிற ராணி பொறுக்காது. வீட்டுக்காரர் தறிக்குப் புதுப் பாவு நூல் வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அகிலா மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் தோப்பில் இருக்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வேலையை முடித்து, ஆட்டோ கிடைத்து, வீடு வந்து சேர மூன்றரை மணி. செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். மழை விட்டிருந்தது. பெட்டிமேல் போட்டிருந்த தார்ப்பாய் நன்றாக இழுத்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு நான் போட்டது இல்லை. நெசவாளிகள் அறுந்த இழையை முடிகிற முடிச்சு அது.

கீழே பார்த்தேன். பெட்டி வாசலுக்கு முன்னால் செத்த தேனீக்கள். பத்து இருபது இல்லை, கை கையாக அள்ளலாம். இன்னும் கட்டிப் புரண்டபடி ஜோடி ஜோடியாக வெளியே விழுந்துகொண்டிருந்தன. மேல் பெட்டியைத் தூக்கினேன். பேப்பரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஜக்கார்டு அட்டை கிடந்தது.

தறிக்கு மேலே மாலை மாதிரி தொங்குமே, புட்டாப் பூவும் கரையும் எங்கே விழ வேண்டும் என்று ஓட்டை ஓட்டையாகக் குத்தின நீள அட்டைகள், அதில் பழசு நாலைந்து. வரிசையாக, விளிம்பு விளிம்போடு ஒட்டி, எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தது! அந்த அழகைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேனீ தாராளமாக நுழைந்து போய்க்கொண்டிருந்தது.

"எவ இதைத் தொட்டது?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அகிலா படியேறி வந்தாள். "மழை அடிச்சுது. பாய் பறந்துடுச்சு. பேப்பரு நனைஞ்சு தொங்கிடுச்சுங்க. வீட்ல வேற பேப்பரு இல்ல. அட்டைன்னா கிழியாது, ஓட்டையும் ஏற்கனவே இருக்குதேன்னு..."

"ஓட்டை இருக்கக் கூடாதுன்னுதானடி பேப்பரு! அதுங்களா கடிச்சு, அதுங்களா பழகி, அப்புறம்தான் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்கணும். நீ எடுத்த எடுப்புல கதவைத் தொறந்து உட்டா வெட்டிக்கினு சாவாம இன்னா பண்ணும்? தெரியலன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா? அஞ்சு மாசமா வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க? பி.காம் படிக்கிறியாம், பி.காம்! அறிவு வேணாம்?"

ஐந்து மாதம் அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. டி போட்டுவிட்டேன். அவள் படிப்பை இழுத்துவிட்டேன். நிறுத்த நினைத்தேன், நாக்கு கேட்கவில்லை. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, விரல் மடக்க முடியாமல் இருந்தது. கையுறை இல்லை, புகை போடவில்லை. கொட்டும் மழையில் வெறுங்கையோடு அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டாள், இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

ஆனால் நினைத்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. கீழ்ப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு விதமான இரைச்சல் வந்தது. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். சட்டத்தைத் தூக்கினேன். அடிப்பலகையில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு தேனீ உருண்டை. அந்நிய ராணியைக் கொல்ல அவை இப்படித்தான் சுற்றி மொய்த்து நெருக்கும்.

"அழறதை அப்புறம் வச்சிக்கலாம். ஒரு சொம்பு தண்ணி கொண்டா, ஓடு" என்றேன்.

ஓடினாள். உருண்டையை அப்படியே வழித்துத் தண்ணீரில் போட்டேன். பிடி விட்டுச் சிதறின. நடுவில் ராணி கால் உதைத்துக்கொண்டு மிதந்தது. இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் விட்டேன். அசைந்தது.

அகிலா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது ரெக்கை கிழிஞ்ச ராணி இல்ல?"

"ம்."

"நீங்க கொல்லலியா?"

"பாத்தா தெரியல?"

"அப்ப உங்க ராணி?"

"ஓரிக்கையில உட்டுட்டு வந்தேன்."

"ஏன்?"

ஏன் என்று எனக்கு மட்டும் சொல்லத் தெரியுமா? "டீ வடிகட்டி எங்க இருக்குது? அதை எடுத்துக்கினு வா. அப்படியே அரிசி மாவு ஒரு கிண்ணம்" என்றேன்.

பிளாஸ்டிக் வடிகட்டியின் கைப்பிடியை உடைத்து எறிந்துவிட்டு, ராணியை அடைமேல் விட்டு, அதன்மேல் வடிகட்டியைக் கவிழ்த்து மெழுகுக்குள் அழுத்தினேன். வலைக்கு வெளியே இருந்து அவை ராணியை முகரலாம், ஊட்டலாம், கொல்ல முடியாது. அரிசி மாவை இரண்டு கூட்டத்தின் மேலும் தூவச் சொன்னேன். வீங்கின விரல்களால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக்கொண்டு தூவினாள். மாவு மேலே விழுந்ததும் அவை சண்டையை விட்டுவிட்டுத் தங்களைத் துடைக்கவும் பக்கத்தில் இருப்பதைத் துடைக்கவும் ஆரம்பித்தன. எல்லாம் வெள்ளையாக, எது மூடியிலிருந்து வந்தது எது மீட்டரிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பாதிக்குப் பாதி செத்திருந்தது. மிச்சம் பிழைத்தால் உண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டது அவள் அப்பாதான். நான் கிட்டப் போகவில்லை. திட்டினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். திங்களும் செவ்வாயும் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பையில் துணி அடுக்கி ஜிப்பு போடுகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புதன்கிழமை காலையில் மாடிக்குப் போனேன். அகிலா எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். மூடிப் பலகையைப் பிடித்துத் தூக்கினாள். வடிகட்டியின் வலைமேல் தேனீக்கள் அமைதியாக உட்கார்ந்து, உள்ளே நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. வடிகட்டியை மெதுவாக எடுத்தேன். ராணி இரண்டு அடி வைத்தது. பக்கத்தில் இருந்தவை விலகி வழி விட்டன, பிறகு சுற்றி நின்று நக்கின. ஒன்றும் கடிக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"ஏத்துக்கிச்சா?" என்று கேட்டாள்.

"ஏத்துக்கிச்சு."

கீழே வாசலில் கார் சத்தம் கேட்டது.

தேவேந்திரன் நல்ல மனிதர். அக்கா மேல் உயிரை வைத்திருந்தவர். அவர் கூடத்துக்கு வந்ததும் நான் டீ போட்டேன். வடிகட்டி மாடியில் இருக்கிறது, புதுசு இன்னும் வாங்கவில்லை என்ற ஞாபகம் ஊற்றும்போதுதான் வந்தது. தூளோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அப்போது அகிலா படியிறங்கி வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? கை இப்படி வீங்கிக் கிடக்குது. பொண்ணை இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? இந்தம்மா பூச்சி வளக்கிறதுக்கு எங்க அக்கா பொண்ணுதான் கெடைச்சுதா? போன்ல சொல்றாங்க, தெருவே கேக்கிற மாதிரி கத்தி இருக்காங்களாம். எங்க அக்கா இருந்தா இதைப் பாத்துக்கினு இருப்பாளா?"

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல? தேவேந்திரன் சொன்னது அத்தனையும் உண்மை.

"மாமா" என்றாள் அகிலா. "கை என்னுது. பெட்டியைத் தொறந்தது நானு. அவங்க வீட்லயே இல்ல. தப்பு பண்ணது நானு, திட்டு வாங்கினேன், முடிஞ்சு போச்சு. அதுக்கு நீ ஏன் அவங்களைப் பேசுற?"

"இல்லம்மா, நான் இன்னா சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். டீயைக் குடி. நான் இப்ப வரலை."

"பையெல்லாம் கட்டி வச்சிருக்குதே?"

"பிரிச்சுக்கிறேன்."

தேவேந்திரன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, டீயை எடுத்துத் தூளோடு முழுசாகக் குடித்தார். அரை மணி நேரம் இருந்து இரண்டு இட்டிலி சாப்பிட்டார். போகும்போது வாசலில், "புள்ளை எளைச்சிருக்கா, பாத்துக்கங்க" என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்காரரிடம் இல்லை, என்னிடம்.

நான் மாடிக்குப் போனேன். பெட்டியை மூடாமல் வந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அகிலா பின்னால் வந்து நின்றாள். எனக்குத் திரும்பப் பயமாக இருந்தது. பெட்டியைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசி இருக்கக் கூடாதும்மா. டி எல்லாம் போட்டுட்டேன். மனசுல வச்சிக்காத."

அவள் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா போனப்புறம் என்னை யாருமே திட்டலைங்க" என்றாள். "அப்பா, மாமா, காலேஜ்ல மிஸ்ஸுங்க, ஒருத்தரும். நானு இன்னா பண்ணாலும் பாவம், அம்மா இல்லாத பொண்ணுன்னு உட்டுடுவாங்க. பரீட்சையில ஃபெயிலாயி வந்தேன், அப்பா அல்வா வாங்கிக்கினு வந்தாரு. நீங்களும் அப்படித்தான் இருந்தீங்க. நானு ஏதோ ஐ.சி.யூ.ல படுத்துக்கினு இருக்கிற மாதிரி, எல்லாரும் மெதுவா மெதுவா. எனக்கு இந்த வீட்ல மூச்சே முட்டிச்சு. ஆரணிக்குப் போனா அங்க மூணு பசங்க இருக்காங்க, அத்தை எல்லாரையும் சேத்துத் திட்டுவாங்க, அதுல என்னையும் திட்டுவாங்கன்னு..."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது. அவள் என்னை விட்டு ஓடுகிறாள் என்றுதானே நான் ராத்திரியெல்லாம் புரண்டேன்? பாவி, நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததற்குத்தான் ஓடப் பார்த்தாளா? இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையில் மெழுகும் தேனும் ஒட்டியிருந்தது.

மழை தூற ஆரம்பித்தது.

"சரி சரி, கதை பேசினது போதும்" என்றேன். குரல் உடைந்து வந்தது, அதைச் சரிக்கட்ட இன்னும் உரக்கக் கத்தினேன். "கை புண்ணை வச்சிக்கினு மழையில இன்னாடி நிக்கிற? போ உள்ள!"

"போறேன்! அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்க? எனக்கு இன்னா காது செவிடா?" என்று அவளும் கத்தினாள். என்ன குரல்! இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாளோ?

"செவிடுதான். பின்ன, அஞ்சு தடவையா சொல்றது உனக்கு?"

"ஒரு தடவைதான் சொன்னீங்க!"

கீழே தறி நின்றது. படியில் தடதடவென்று காலடி. என் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மேல் படியில் வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு? இன்னா சண்டை?"

"ஒண்ணும் இல்லப்பா, நீ போய் நெய்யி" என்றாள் அகிலா.

அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். தூறலில் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போடுங்க" என்றார்.